பெயர் வெளியிட விரும்பாத ஊழியர்

போன மாதம் எறணாகுளத்தில் நான் படித்த கல்லூரியில் கூப்பிட்டிருந்தார்கள். ‘வெகுஜன ஊடகங்களுக்கு எழுதுதல்’ என்ற பாடத்தை எடுத்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும். ஒரு மலையாள நாளிதழின் உள்ளூர்ச் செய்திப் பிரிவில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். பேசுவதற்கு எனக்கு என்ன பஞ்சம்? பொன்னாடையெல்லாம் வேண்டாம், நல்ல சாயா ஒன்று போதும் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பேசி முடித்ததும் முதல் வரிசைப் பெண் ஒருத்தி கைப்பேசியைக் கொண்டுவந்து நீட்டினாள். கலூர் பஸ் ஸ்டாண்டில் மழைநீர் தேங்கியதைப் பற்றி நாலு விவரத்தை அவள் தட்டினாள். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் கைப்பேசியில் இருந்த ஏஐ முழுச் செய்தியையும் எழுதிவிட்டது. வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல். மூன்றாவது பத்தியில் ‘பெயர் வெளியிட விரும்பாத அதிகாரி ஒருவர் கூறுகையில்’ என்று ஒரு வரி வந்தது.

“இந்த அதிகாரி யாரு மோளே? நீ பேசினியா?”

“இல்ல மேடம். அது சும்மா. செய்தின்னா அப்படி ஒருத்தர் வேணுமில்லே?”

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் தட்டில் வைத்திருந்த சமோசா அதற்குப் பிறகு இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று அங்கே சொல்ல வாய் வரவில்லை. கைதட்டி அனுப்பிவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன், அதுவும் தமிழில். வேலைக்காக ஒரு வாழ்நாள் முழுக்க மலையாளத்தில் எழுதியவள் நான். அதனால் என் தமிழில் கொச்சி வாடை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது மட்டாஞ்சேரி. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். அப்பா பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் சுமை தூக்கினார். அம்மா இட்லி மாவு அரைத்து மூன்று ஹோட்டல்களுக்குக் கொடுத்தாள். பி.ஏ. முடித்ததும் அப்பா டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளச் சொன்னார். நான் ஓராண்டு இதழியல் டிப்ளமோவுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வந்து நின்றேன். “அதுல என்ன சொல்லிக் குடுப்பாங்க?” என்று கேட்டார். “பேப்பர்ல எழுதறதுக்கு” என்றேன். “பேப்பர்ல வர்ற அளவுக்கு நம்ம வீட்ல என்ன நடந்துபோச்சு?” என்றார். இருந்தாலும் பீஸ் கட்டினார்.

வகுப்பில் பதினாறு பேர். பெண்கள் மூன்று. தமிழ் வீட்டிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். அடக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துவராத சங்கதி, அதனால் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பதினாறு பேரில் மலையாளம் சுத்தமாக எழுதியதும் நான்தான். பத்திரிகை வரலாறு, பத்திரிகைச் சட்டம் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். அவற்றை நடத்தியவர்களின் முகம்கூட இப்போது ஞாபகம் இல்லை. வானொலிக்கு எழுதுவதைச் சொல்லித்தர ஒருவர் வந்தார். ஒரே மூச்சில் வாசிக்க முடியாத வாக்கியத்தை இரண்டாக உடை என்பது அவர் பாடம். மட்டாஞ்சேரிப் படகில் வரும்போது காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமாக வாசித்துப் பழகுவேன். பக்கத்து இருக்கைக்காரர்கள் எழுந்து அந்தக் கோடிக்குப் போய்விடுவார்கள். எனக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும்.

சனிக்கிழமைகளில் வர்க்கி சார் வருவார். ஒரு நாளிதழில் தலைமைத் துணையாசிரியர். நாற்பது வயதுகூட ஆகாதவர். செய்தி எழுதும் வகுப்பு அவருடையது. மூன்று மணி நேரமும் உட்காரமாட்டார். கையில் சைக்கிள் சாவி இருக்கும். நாங்கள் எழுதிக் கொடுத்ததை நின்றபடி சத்தமாக வாசிப்பார். தகவல் எங்கிருந்து வந்தது என்று தெரியாத வரி வந்தால் சாவியால் மேஜையில் ஒரு தட்டு. “ஆரு பறஞ்ஞு?” யார் சொன்னது என்று அர்த்தம். அவர் பேசியது முழுக்க மலையாளம். இங்கே நான் தமிழில் தருகிறேன். அந்த ஒரு கேள்வியை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன், ஏனென்றால் அது என் காதில் வேறு மொழியில் ஒலிக்காது.

அவரிடம் ஒரு முறை உண்டு. அரைத் தாளில், ஒரு பக்கம் மட்டும், ஒரு தாளுக்கு ஒரு பத்தி. இடது பக்கம் மூன்று விரல் இடம் விட வேண்டும். எழுதி முடித்த பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நேரே, அந்த இடத்தில் பென்சிலால் ஓர் எண் போட வேண்டும். அது நம் குறிப்பு நோட்டின் பக்க எண். அந்தத் தகவல் நோட்டின் எந்தப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த எண். நேரில் பார்த்ததாக இருந்தால் அதையும் நோட்டில் எழுதி நேரம் குறித்திருக்க வேண்டும். எண் இல்லாத வாக்கியத்தை அவர் வாசிக்கவே மாட்டார், அடித்துவிடுவார். எண் இருந்தால் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பார். எல்லாருக்கும் பார்ப்பார், எல்லா எண்ணுக்கும் பார்ப்பார். ஒரு சனிக்கிழமை இதற்கே போய்விடும்.

என் முதல் செய்தி படகு தாமதமானதைப் பற்றியது. அதில் ‘பயணிகள் கொதிப்படைந்தனர்’ என்று எழுதியிருந்தேன். சாவி தட்டியது.

“எத்தனை பேர் கொதிச்சாங்க?”

“ஏழெட்டுப் பேர் சார்.”

“ஏழா, எட்டா?”

“ஏழு.”

“கொதிச்சு என்ன பண்ணினாங்க?”

“படகுக்காரரைத் திட்டினாங்க.”

“அப்போ ஏழு பேர் படகுக்காரரைத் திட்டினாங்கன்னு எழுது. அடுப்புல வைக்காமலே எதுக்கு அவங்களைக் கொதிக்கவைக்கிறே?”

அன்றைக்கு ஒரே செய்தியில் பதினொரு தட்டு வாங்கினேன். படகில் வரும்போது அழுகையில்லை, ஆத்திரம்தான். இந்த மனிதர் ஒரு தட்டுகூடத் தட்டாத செய்தி ஒன்றை எழுதிக் காட்டுகிறேன் என்று சபதம் எடுத்தேன். அதற்குத் தைப்பொங்கல்வரை ஆனது.

கல்லூரியில் மாதம் ஒருமுறை நாலு பக்கத்தில் பயிற்சி இதழ் ஒன்று போடுவோம். நாங்களே எழுதி, நாங்களே மெய்ப்புப் பார்த்து, ஓர் அச்சகத்தில் கொடுத்து அடிப்போம். அந்த மாதம் ஒவ்வொருவரும் அவரவர் குடியிருக்கும் இடத்திலிருந்து ஒரு செய்தி கொண்டுவர வேண்டும் என்றார் வர்க்கி சார். எனக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. எங்கள் சந்தில் தண்ணீர் இல்லை.

இருபத்திரண்டு வீட்டுக்கு ஒரே பொதுக் குழாய். காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும், ஏறக்குறைய எட்டுவரை ஓடும். இரண்டு மாதமாக ஆறேகாலுக்கெல்லாம் நின்றுபோனது. பாதிக் குடங்கள் காலியாகவே திரும்பின. சண்டை வராமலிருக்க எங்கள் சந்துப் பெண்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். தண்ணீர் நின்ற நேரத்தையும், எந்த வீட்டோடு நின்றது என்பதையும் அன்றைய தேதிக்கு நேரே காலண்டரில் எழுதிவைப்பார்கள். மறுநாள் அடுத்த வீட்டிலிருந்து தொடங்கும். ஒரு வீட்டுக் காலண்டரை மற்றவர்கள் நம்பமாட்டார்கள் என்பதால் எல்லா வீட்டிலும் எழுதுவார்கள். எங்கள் வீட்டில் அது என் எழுதுமேஜைக்கு மேலேயே தொங்கியது. முறை தவறிய நாட்களில் ஊறவைத்த அரிசியை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா உட்கார்ந்திருப்பாள். இரண்டு ஹோட்டல்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள்.

தண்ணீரைத் திறந்துவிடுகிறவர் எங்கள் சந்துக்காரர், இசக்கி அண்ணன். சைக்கிள் பாரில் ஆள் உயர இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு விடிவதற்கு முன்பே கிளம்புவார். ரோட்டோரத்தில் இரும்பு மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே விட்டு, வால்வைத் திருகுவார். எத்தனை சுற்றுத் திருகினால் எந்தச் சந்துக்கு எவ்வளவு ஓடும் என்பது அவருக்குக் கைக்கணக்கு. ஒன்பது வருடமாகத் தினக்கூலி. அந்த வருடம் நிரந்தரமாக்குகிறவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. செல்வி அக்கா, அவர் மனைவி, குழாயடியில் அதை எல்லாரிடமும் சொல்லியிருந்தாள்.

ஒரு நாள் காலை, வால்வு மூடியை அவர் அப்போதுதான் மூடியிருந்தார். நான் நோட்டோடு போய் நின்றேன்.

“அண்ணே, காலேஜ் பேப்பருக்கு எழுதறேன். நம்ம தண்ணி ஏன் இப்படி சீக்கிரமா நிக்குது?”

“நிக்கல மல்லி, நிறுத்தறேன். மேலேர்ந்து சொல்லியிருக்கு. ஆறேகாலுக்கு இதை அடைச்சிட்டு தோப்பும்படி லைனைத் திறக்கணும். அங்க ஐஸ் கம்பெனிக்குப் பிரஷர் போதலையாம்.”

“எழுத்துல குடுத்திருக்காங்களா?”

“எங்க எழுத்து? வாயால பறஞ்ஞதுதான். எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு. என் வீட்டுக் குடமும் இந்த வரிசையிலதானே நிக்குது. நீ எழுது.”

பதினான்காம் பக்கத்தில் இதையெல்லாம் எழுதிக்கொண்டேன். நேரம் ஆறு இருபது. அவர் என் நோட்டைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். அவசரப்படாமல், நான் எழுதுவதற்கு இடம் விட்டுப் பேசினார்.

மறுநாள் தண்ணீர் ஆபீசுக்குப் போய் உதவிப் பொறியாளரைப் பார்த்தேன். பம்ப் மோட்டாரில் கோளாறு, வேறு ஒன்றுமில்லை என்றார். அதையும் எழுதிக்கொண்டேன், அவர் பெயரோடு. பிறகு வீட்டில் உட்கார்ந்து அரைத் தாளில் செய்தியை எழுதினேன். நாலாவது வாக்கியம் இப்படி வந்தது: “‘மேலிடத்தின் வாய்மொழி உத்தரவுப்படி தினமும் ஆறேகாலுக்கு இந்த வால்வை அடைத்துவிடுகிறோம்’ என்று பெயர் வெளியிட விரும்பாத ஊழியர் ஒருவர் கூறினார்.” அதற்கு நேரே பென்சிலால் 14 என்று போட்டேன்.

அந்த வரியை எழுதியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் எழுதியது செய்தி போலவே இருந்தது, பெரிய பத்திரிகைகளில் வருகிற மாதிரி! பின்னால் எத்தனையோ தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன், அவரைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று. அது உண்மை இல்லை. எழுதும்போது அவரைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. அந்தச் சொற்களின் அழகைத்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை வர்க்கி சார் வாசித்தார். நோட்டைப் புரட்டினார். பதினான்காம் பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினார். சாவி மேஜையைத் தொடவே இல்லை. “முதல் பக்கத்துல போடலாம்” என்றார். படகில் வரும்போது என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. டிக்கெட் கொடுத்தவரிடம்கூடச் சொன்னேன்.

பயிற்சி இதழை யார் படிக்கப்போகிறார்கள் என்று நினைத்திருந்தோம். எவனோ ஒரு மாணவன் ஒரு பிரதியை உள்ளூர் நிருபர் ஒருவரிடம் கொடுக்க, அவர் அதைச் சுருக்கித் தன் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டுவிட்டார். நான் எழுதிய அந்த நாலாவது வரியை மட்டும் சுருக்காமல் அப்படியே வைத்திருந்தார். தண்ணீர் ஆபீஸ் அதைப் படித்தது.

நான் சந்துக்குள் நுழைந்தபோது எங்கள் வீட்டு வாசலில் செல்வி அக்கா நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை. அம்மாவிடம்தான் பேசினாள்.

“உங்க பொண்ணு எழுதினதுல என் வீட்டுக்காரரைத் தவிர வேற ஆள் இருக்க முடியுமாக்கா? இந்த வால்வை அடைக்கிறது ஊர்ல ஒரே ஆளு. பேரைப் போடலைன்னா தெரியாமப் போயிருமா? வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. பட்டியல்லேர்ந்து எடுத்திருவாங்கன்னு கிளார்க் சொல்றாராம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். எவ்வளவு சுலபமான கணக்கு! தண்ணீர் பிடிக்க நிற்கிற எந்தப் பெண்ணுக்கும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது. டிப்ளமோ படிக்கிற எனக்குத் தெரியவில்லை.

“நீ எழுதினது நல்லதுக்குத்தான்டி. ஆனா எழுதறதுக்கு முன்னாடி அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?” என்றாள் அம்மா.

மறுநாள் வகுப்பு இல்லை. நேரே வர்க்கி சாரின் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். வாசல்காரரிடம் சண்டை போட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். சார் டப்பாவைத் திறந்துவைத்திருந்தார், கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும். நான் சொல்லி முடிக்கும்வரை சாப்பிடவில்லை. சொல்லி முடித்ததும் கேட்டது ஒன்றுதான்.

“நோட்டு இருக்கா?”

கொடுத்தேன். பதினான்காம் பக்கத்தை எடுத்து விரல் வைத்து வரி வரியாக வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார்.

“பேரைப் போட வேண்டாம்னு இதுல எங்க இருக்கு?”

“இல்லை சார்.”

“வாயால சொன்னானா?”

“இல்லை.”

“பின்னே ஆரு பறஞ்ஞு?”

சாவி தட்டவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். “நான்தான் சார் எழுதினேன். பேப்பர்ல எல்லாம் அப்படித்தானே வருது” என்றேன். அப்போதுதான் அழுதேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் சிவந்தது என் மேல் கோபத்தால் இல்லை. “நான் பார்த்தேன். பதினாலுன்னு எண் இருந்தது, பக்கத்தைப் பார்த்தேன், ஆள் சொன்னது இருந்தது. அந்த நாலு வார்த்தையை மட்டும் நான் பார்க்கலை. எனக்கும் பழகிப்போச்சு. தினமும் இதே மேஜையில எத்தனை தடவை அது வருது” என்றார். டப்பாவை மூடினார். “எழுதினது நீ. அச்சுக்கு அனுப்பினது நான். வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் போவோம். அங்க யார் சொன்னதுன்னு கேட்பாங்க. சொல்லக் கூடாது. பொய்யும் சொல்லக் கூடாது.”

“ரெண்டும் சேர்ந்து எப்படி சார் முடியும்?”

“எனக்கும் தெரியலை” என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தண்ணீர் ஆபீசில் இருந்தோம். உதவிப் பொறியாளரின் மேஜையில் அந்தப் பெட்டிச் செய்தியை வெட்டி ஒரு கோப்பில் ஒட்டிவைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கிளார்க். சுவரோரமாக இசக்கி அண்ணன், துவைத்த சட்டையில். அவர் அவ்வளவு சுத்தமான சட்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஒன்பது வருடம் விடியலில் எழுந்த மனிதரின் பிழைப்பு என் நாலு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

பொறியாளர் வர்க்கி சாரிடம் முதலில் கேட்டார். “இந்தத் தகவலை யார் கொடுத்தது?”

“அதை நாங்க சொல்றதில்லை.”

“சொல்ல வேண்டாம். அந்த வால்வுக்கு ஆள் ஒருத்தன்தான்.” இசக்கி அண்ணன் பக்கம் திரும்பினார். “நீதானே?”

இசக்கி அண்ணன் பதில் சொன்னது மலையாளத்தில்தான். எங்கள் வீட்டுப் பேச்சில் சொல்வதென்றால் இப்படி இருக்கும்:

“சார், அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு தடவை வாசிங்க.”

பொறியாளர் வாசித்தார். ‘பெயர் வெளியிட விரும்பாத ஊழியர் ஒருவர்.’

“அது நானில்ல சார். என் பேரைப் போடாதேன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. மறைஞ்சு நின்னு பேசற பழக்கமும் எனக்கில்ல. ஒன்பது வருசமா பார்க்கறீங்க, நீங்களே சொல்லுங்க. இவ எங்க சந்துக்காரி. தினமும் இவகூடப் பேசறவன்தான் நான். இவகிட்டயே கேளுங்க, பேரைப் போடாதேன்னு நான் சொன்னேனான்னு.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“சொன்னாரா?” என்றார் பொறியாளர்.

“இல்லை சார்” என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உண்மையான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவ்வளவு வெட்கமும் பட்டதில்லை.

“பின்னே வேற யாராவது அப்படிச் சொன்னாங்களா?”

“அதைத்தான் நாங்க சொல்றதில்லைன்னு சொன்னேனே” என்று வர்க்கி சார் குறுக்கே வந்தார்.

பொறியாளர் பேனாவை மூடித் திறந்தார். இரண்டு மூன்று தடவை அந்த வரியை வாசித்தார். அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், அந்த அறையில் மின்விசிறிக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனால் கோப்பில் ஒட்டியிருந்த காகிதம் பெயரை மறைக்கச் சொன்ன ஒரு ஆளைப் பற்றிப் பேசியது. எதிரே நின்றவர் அப்படிச் சொல்லவில்லை என்பதற்கு எழுதியவளே சாட்சி. தண்ணீர் நிற்கும் நேரத்தைத் தெரிந்துகொள்ள ஊழியரிடம் கேட்கவே தேவையில்லை, எங்கள் சந்தில் எந்த வீட்டுக் காலண்டரிலும் இருக்கிறது என்றும் இசக்கி அண்ணன் சொன்னார். கடைசியில் கிளார்க் ஒரு வாக்குமூலம் எழுதினார். செய்தியில் குறிப்பிட்டுள்ள நபர் தாம் அல்ல என்றும், அப்படி எதுவும் தாம் கூறவில்லை என்றும் அதில் இருந்தது. இசக்கி அண்ணன் அதை முழுதாக வாசித்தார். கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடியே நின்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் வர்க்கி சார் தன் சைக்கிளைப் பூட்டுத் திறக்கப் போனார். நான் இசக்கி அண்ணன் பின்னால் ஓடினேன். “அண்ணே, மன்னிச்சிருங்க” என்று ஆரம்பித்தேன். அவர் நின்றார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா பேரைப் போடுன்னு சொல்லியிருப்பேன் மல்லி. அதுக்குத்தான் நோட்டுல எழுதறவரைக்கும் காத்து நின்னேன். வேலை போனா போயிருக்கும். போகாமலும் இருந்திருக்கும். ஆமா, நான்தான் சொன்னேன்னு நின்னிருப்பேன். இப்போ வேலை இருக்கு.” சட்டையின் கை மடிப்பைச் சரிசெய்தார். “ஆனா நான் சொன்னதையே நான் சொல்லலைன்னு கையெழுத்துப் போட்டுட்டு வர்றேன். அந்த ஆளு நானில்லன்னு சொன்னது பொய்யில்ல. அவன் உன் பேப்பர்ல மட்டும்தான் இருக்கான்.”

அடுத்த சனிக்கிழமை வர்க்கி சார் வகுப்பில் நின்றபடியே தன் தவறை எல்லார் முன்னாலும் சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. நானே எழுந்து சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் முறை மாறியது. வாக்கியத்துக்கு ஒரு எண் போதாது, அதில் இருக்கிற ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனி எண். ஒரு வரியில் நாலு எண்கூட வரும். என் வகுப்பு நண்பர்கள் என்னைச் சபித்தார்கள். பிற்பாடு நான் செய்திகளைத் திருத்தும் டெஸ்க்கில் உட்கார்ந்தபோது என் கீழ் வேலை பார்த்தவர்களும் அதே காரணத்துக்காகச் சபித்தார்கள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருடத்தில் எங்கள் பத்திரிகை திருத்தம் போட நேர்ந்த செய்திகளில் என் கை வழியாகப் போனவை மிகக் குறைவு. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அடுத்த மாத இதழுக்கு அதே செய்தியை மறுபடி எழுதினேன். இந்த முறை யார் வாயையும் பிடுங்கவில்லை. வீடு வீடாகப் போய்க் காலண்டர்களை வாங்கினேன். இரண்டு மாதத் தாள்கள், பதினொரு வீடுகள். சமையல் கை பட்டு மஞ்சள் கறையோடு, நின்ற நேரமும் வீட்டின் பெயரும் நாள் தவறாமல் இருந்தன. எல்லா வீட்டிலும் ஒரே நேரம். மோட்டார் கெட்டுப்போனால் தினமும் சரியாக ஆறேகாலுக்கா கெடும்? பதினொரு பெண்களிடமும் பெயரைப் போடட்டுமா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். செல்வி அக்கா யோசித்துத்தான் சரி என்றாள். அம்மாவின் பெயர் முதலில் வந்தது, ஏனென்றால் தண்ணீர் அதிக நாள் கிடைக்காதது அவளுக்குத்தான். எதுவுமே நடக்காத எங்கள் வீடு பேப்பரில் வந்துவிட்டது என்று அப்பா கிட்டங்கிக்கு ஒரு பிரதியைக் கொண்டுபோனார். அந்த மாதமே தண்ணீர் ஆபீஸ் வாசலில் நேரப்பட்டியல் ஒட்டினார்கள். எங்கள் சந்துக்கு ஏழரைவரை தண்ணீர் வந்தது. இசக்கி அண்ணனை நிரந்தரமாக்கினார்கள்.

அந்த இரண்டாவது செய்தி அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் காலை, சந்து முனையில் அவர் வால்வு மூடிக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். நான் நோட்டோடு போய் நின்றேன். செய்திக்கு அவர் தேவைப்படவில்லை, காலண்டர்களே போதும். ஆனாலும் கேட்காமலிருக்க முடியவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

“அண்ணே, வால்வை அடைக்கச் சொன்ன விஷயத்தையும் சேர்க்கலாம். இந்தத் தடவை உங்க பேரோட போடறேன். போடட்டுமா?”

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. துணியில் கையைத் துடைத்தார். மூடியை அதன் இடத்தில் பொருத்தினார், சாவியை எடுத்துச் சைக்கிளில் கட்டினார்.

“வேண்டாம் மல்லி” என்றார். “இப்போ நிஜமாவே வேண்டாம்.”

அந்த இரண்டாவது செய்தியில் ‘பெயர் வெளியிட விரும்பாத ஊழியர்’ என்ற அந்த நாலு வார்த்தையை நான் எழுதியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும்.